குன்னூரில் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்ப்பது கொடுமையாகுமா?

கோவையிலிருந்து குன்னூருக்குக் குடிவந்திருக்கும் நீங்கள், இரண்டு பூனைகளையும் முழுநேரமும் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது கொடுமையா என்றும், மூத்த பூனை வாசற்கதவருகே நின்று கத்துவதை எப்படி நிறுத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரிப் பக்கம் பல ஆண்டுகளாகப் பூனை வளர்த்து வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: கொடுமை அல்ல, இங்கே அதுதான் முறை. ஆனால் கதவைச் சாத்தியதோடு பூனைக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். மலை வீடுகளில் பூனைக்கு ஆகாத பொருள்கள் பலவும் வீட்டுக்குள்ளேதான், அதுவும் நாம் நல்லவை என்று நம்பி வாங்கி வைத்தவையாக, இருக்கின்றன.

வெளியே இருக்கும் ஆபத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இரவில் குடியிருப்புகளுக்குள் வரும் சிறுத்தை வாசலில் படுத்திருக்கும் நாயையே கவ்விச் செல்கிறது. பூனை அதற்கு ஒரு வாய்க்குக் காணாது. உலகிலேயே இந்தச் சுற்றுவட்டார மலைகளில் மட்டும் வாழும் நீலகிரிச் சிரிப்பான் போன்ற பறவைகள் நம் தோட்டங்களுக்கு வந்து போகின்றன என்பதால், பூனையை உள்ளே வைப்பது அவற்றுக்கும் நல்லது.

வீட்டுக்குள் நான் முதலில் அஞ்சுவது நீலகிரித் தைலத்தை. சளி பிடித்தால் ஆவி பிடிப்பதற்கும், தலையணையில் தெளிப்பதற்கும், ஈர வாடை போகத் தரை துடைக்கும் தண்ணீரில் கலப்பதற்கும் இங்கே எல்லா வீட்டிலும் ஒரு புட்டி இருக்கும். இத்தகைய எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே தைலம் வயிற்றுக்குள் போய்விடும். பினாயிலுக்கும் இதே காரணம் பொருந்தும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. கம்பளித் துணிகளுக்கிடையே போடும் அந்துருண்டையும் பூனைக்கு நஞ்சுதான். பூனைகளுக்கோ கம்பளி அடுக்கிய அலமாரியை விட்டால் வேறு சொர்க்கம் இல்லை.

பசுமைக்குடில்களில் வளர்த்துப் பூங்கொத்தாக விற்கும் லில்லியம் மலரை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். அதன் இலையைக் கடித்தாலோ, உடம்பில் உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலோ, பூ வைத்த பாத்திரத்தின் நீரைக் குடித்தாலோகூடப் பூனையின் சிறுநீரகம் ஓரிரு நாள்களில் செயலிழக்கக்கூடும். ஊட்டியின் ஈரநிலங்களில் தானாகவே வளரும் வெள்ளைக் காலா லில்லி வேறு இனம். அது வாயை எரித்து எச்சில் ஒழுகச் செய்யுமே தவிர, சிறுநீரகத்தைத் தாக்குவதில்லை. குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டுவது பூனைக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் உயிராபத்து என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

இனி மகிழ்ச்சிக்கு வருகிறேன். பூனைக்குப் பரந்த இடத்தைவிட உயரமும் வெயிலும் வேட்டையுமே முக்கியம். எங்கள் வீட்டுக் கண்ணாடி வராந்தாவில் சன்னல் மட்டத்துக்கு ஒரு பலகை அடித்திருக்கிறோம். காலை வெயில் விழுந்ததும் எங்கள் பூனை கருப்பி அதில் ஏறி அமர்ந்துகொண்டு, வேலியில் வந்து உட்காரும் செம்மீசைச் சின்னானைப் பார்த்துத் தாடை படபடக்க ஒரு விசித்திர ஒலி எழுப்புவாள். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க முடியாதென்றால், மரச்சட்டத்தில் கம்பி வலையைப் பொருத்திச் சன்னலில் மாட்டிக்கொள்ளலாம். நைலான் கொசுவலையை நம்பாதீர்கள், நகத்துக்கு அது ஒரு நாள்கூடத் தாங்காது. தேயிலைக்கு நிழலாக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் கிளைத்துண்டு ஒன்றில் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அசையாமல் நிறுத்திவைத்தால், சோபாவை அவை ஏறக்குறைய மறந்துவிடும். பழைய பங்களாவாக இருந்தால் கணப்பின் புகைபோக்கியை முதலில் அடைத்துவிடுங்கள்.

மலம் கழிக்கும் மண் தட்டுகள் இரண்டு பூனைகளுக்கு மூன்று வேண்டும், ஒரே மூலையில் அல்ல. குளிர்காலத்தில் பூனைகள் தண்ணீர் குறைவாகவே குடிக்கும் என்பதால், உணவில் வெந்நீர் கலந்து கொடுங்கள். ஆண் பூனை தட்டில் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வீட்டுப் பூனைக்கும் தேவை. வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காக 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இருக்கும் ஊரில் வசிக்கும் உங்களுக்கு அதை நான் வலியுறுத்த வேண்டியதில்லை.

மூத்த பூனைக்குக் கருத்தடை அறுவை செய்யவில்லையென்றால் அதை முதலில் செய்துவிடுங்கள். கதவருகே கத்துவதற்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம். பிறகு, பூனைகள் இயல்பாகவே துடிப்பாக இருக்கும் அதிகாலையிலும் அந்தியிலும், கத்தத் தொடங்கும் முன்பே வேறு அறைக்கு அழைத்துச் சென்று, குச்சியில் கட்டிய துணியை ஓடவிட்டு வேட்டையாட வைத்து, கடைசியில் பிடிக்கவும் விட்டு, உடனே உணவு கொடுங்கள். வயிறு நிறைந்ததும் உடம்பை நக்கிவிட்டுத் தூங்கப் போய்விடும். இரக்கப்பட்டு ஒரு நாள் கதவைத் திறந்தீர்களானால், கத்தினால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொண்டு மறுநாள் இரு மடங்காகக் கத்தும். சில வாரங்கள் வீட்டார் அனைவரும் உறுதியாக இருந்தால் பெரும்பாலான பூனைகள் அடங்கிவிடுகின்றன.