ராத்திரி குடித்தது காலையில் காட்டிக்கொடுக்குமா?

ராத்திரி குடித்துவிட்டுத் தூங்கி எழுந்து, குளித்து, காபியும் குடித்தாயிற்று. காலையில் வண்டி ஓட்டும்போது ஊதச் சொன்னால் மாட்டுவேனா என்று கேட்கிறீர்கள். மாட்டலாம்.

சாராயத்தைக் கரைக்கும் வேலையில் பெரும்பங்கு கல்லீரலுடையது. அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. ரத்தத்தில் ஆல்கஹால் அளவு மணிக்குச் சுமார் 0.015 சதவீதம்தான் குறையும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். நள்ளிரவில் 0.18 இருந்தால் காலை 7 மணிக்கும் ஏறக்குறைய 0.075 மிச்சமிருக்கும். வரம்பு 0.05 என்றுள்ள நாட்டில் அது வழக்கு, 0.08 என்றால் மயிரிழையில் தப்பிக்கலாம். காபி தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான்.

புதினா மிட்டாயும் உதவாது. கருவி மோப்பம் பிடிப்பதில்லை. நுரையீரலில் ரத்தத்திலிருந்து மூச்சுக்காற்றில் கலக்கும் ஆல்கஹாலை அளக்கிறது.

இன்னொன்று: போதையில் முதலில் மங்குவது நிதானம். கால் தள்ளாடுவது அப்புறம்தான். அதனால்தான் ‘நான் ஸ்டெடி’ என்பவரின் கால் பிரேக்குக்குத் தாமதமாகப் போகிறது. அளவு வரம்புக்குள் இருந்தாலும், ஓட்டும் விதம் தடுமாறினால் பல இடங்களில் வழக்குப் போடலாம். ஊத மறுத்துப் பார்க்கலாமே என்பீர்கள்; பல நாடுகளில் மறுப்பதே தனிக் குற்றம்.