கேள்வி-பதில்: மிக வெளிர் சருமத்துக்கு பவுண்டேஷன், கன்சீலர் வாங்குவது எப்படி?

கேள்வி (சேலம் வாசகி): வணக்கம் அக்கா. எனக்குப் பிறவியிலேயே அல்பினிசம். தோல், முடி, புருவம் எல்லாமே வெளிர் நிறம். தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். இதுவரை வாங்கிய பவுண்டேஷன் எல்லாம் முகத்தில் மஞ்சள் பூசின மாதிரியே தெரிகிறது. கடையில் கேட்டால், “இருக்கிறதிலேயே லைட் இதுதான் மேடம்” என்கிறார்கள். பார்லரில், “கொஞ்சம் கலர் ஏற்றிவிடலாம், போட்டோவில் எடுப்பாக இருக்கும்” என்கிறார்கள். எனக்கு என் நிறத்திலேயே இருக்க வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் கல்யாண வாழ்த்துகள். உங்கள் நிறத்திலேயே மணையில் உட்கார வேண்டும் என்பதை பார்லரில் முதல் நாளே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. முகத்துக்குக் கலர் ஏற்றினால் காது, கழுத்து, கை, பாதம் வரை ஏற்றியாக வேண்டும். தாலி கட்டும்போது பின்கழுத்துதான் கேமராவுக்கு நேராக இருக்கும். மெட்டி போடும்போது பாதம். மாலை உரசி, வியர்த்து, அந்தக் கலர் கரைந்து பட்டுப்புடவையில் ஒட்டும். உங்கள் நிறத்துக்குப் பொருந்திய பவுண்டேஷன் லேசாகக் கலைந்தாலும் வெளியே தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பவுண்டேஷனுக்கு நிறம் கொடுப்பது பெரும்பாலும் நாலு பொடிகள்: வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு அயர்ன் ஆக்சைடுகள். வெளிர் ஷேட் என்றால் வெள்ளை அதிகம், மற்ற மூன்றும் கொஞ்சம். மிக வெளிர் தோலில் மஞ்சளோ சிவப்போ ஒரு துளி கூடினாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மாநிறத் தோலில் அதே பிசகு கண்ணுக்கே தெரியாது. அதனால் உங்களுக்கு “எவ்வளவு லைட்” என்று பார்ப்பது பாதி வேலைதான். அண்டர்டோன், அதாவது தோலின் உள்சாயல், மஞ்சள் சாய்வா, இளஞ்சிவப்பு சாய்வா, இரண்டும் இல்லாத நியூட்ரலா என்று பார்ப்பது மீதிப் பாதி. இதுவரை வாங்கியது எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஷேட் கருமையாக இருந்தது மட்டும் காரணமாக இருக்காது, மஞ்சள் சாய்வுள்ளதாகவே உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள். நம் ஊர்க் கடைகளில் அதுதான் அதிகம் ஓடும்.

பெட்டியில் உள்ள எழுத்துகளை நம்பி வாங்கும்போது ஒரு குழப்பம் வரும், கவனியுங்கள். எஸ்டீ லாடர் நிறுவனத்தின் டபுள் வேர் பவுண்டேஷனில் எண் எவ்வளவு வெளிர் என்பதையும், நடுவில் வரும் ஆங்கில எழுத்து அண்டர்டோனையும் சொல்லும்: சி என்றால் இளஞ்சிவப்பு சாய்வு, டபிள்யூ என்றால் மஞ்சள் சாய்வு, என் என்றால் நியூட்ரல். மேக் நிறுவனத்தில் அப்படியே தலைகீழ். என்சி என்பது மஞ்சள் சாய்வுள்ள தோலுக்கு, என்டபிள்யூ என்பது இளஞ்சிவப்பு சாய்வுள்ள தோலுக்கு. ஒரு பிராண்டில் பழகிய எழுத்தை வைத்து இன்னொன்றில் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. கொரிய பிராண்டுகளில் பொதுவாக 23 நடுத்தரம், 21 வெளிர், 13 அதைவிட வெளிர். நார்ஸில் மிக வெளிரான பவுண்டேஷன் ஷேட்டுகளில் ஒன்று சைபீரியா. டபுள் வேரில் 0என்1 அலபாஸ்டர். பென்டி பியூட்டி 2017 செப்டம்பரில் 40 ஷேட்டுகளோடு வந்தபோது கருமை நிறத்தவருக்காகவே அதிகம் பேசப்பட்டது. ஆனால் அல்பினிசம் உள்ள பெண்களும் அப்போதுதான் தங்களுக்கு ஒரு ஷேட் கிடைத்தது என்று மகிழ்ந்தார்கள். அதன் 100, 110 எண்களைப் பாருங்கள். ஒரு பிராண்ட் வெளிநாட்டில் விற்கும் எல்லா ஷேட்டையும் நம் ஊருக்கு இறக்குவதில்லை. அதனால் கடைக்குப் போகும் முன் போன் செய்து, குறிப்பிட்ட எண் இருக்கிறதா, அதன் டெஸ்டர் இருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள்.

டெஸ்டரை மணிக்கட்டில் தடவிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. தாடை எலும்பிலிருந்து கழுத்துக்கு இறங்கும் இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் மூன்று கோடுகளாக மூன்று ஷேட். தேய்க்காமல் மெல்ல ஒற்றி விடுங்கள். அப்புறம் கடையை விட்டு வெளியே வாருங்கள். கடைக்குள் இருக்கும் மஞ்சள் விளக்கில் எல்லா ஷேட்டும் பொருந்தின மாதிரிதான் இருக்கும். உங்களுக்கு வெயில் கண்ணைக் கூசும் என்பதால் நிழலான வராந்தாவோ போர்டிகோவோ போதும். கூட வருகிறவரை போனில் படம் எடுக்கச் சொல்லி, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். பார்வைக் குறைவு இருந்தால் கண்ணாடியை விட இது வசதி. இருபது நிமிஷம் கழித்து இன்னொரு படம். பல பவுண்டேஷன்கள் காய்ந்து, தோலின் எண்ணெயோடு கலந்த பிறகு ஒரு சுற்று கருக்கும். உங்கள் நிறத்தில் அந்த ஒரு சுற்றே ஆரஞ்சாகத் தெரியும். இருபது நிமிஷத்துக்குப் பிறகு எந்தக் கோடு கழுத்தோடு சேர்ந்து காணாமல் போகிறதோ அதை வாங்குங்கள். விற்பனைப் பெண் அவசரப்படுத்தினால், “ஒரு காபி குடித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்றும் பொருந்தவில்லையா? அடுத்த கடை, அடுத்த பிராண்ட் என்று அலைந்து பணத்தைக் கரைக்க வேண்டாம். வெள்ளை மிக்ஸர் என்று ஒன்று விற்கிறது; எல்.ஏ. கேர்ள் போன்ற விலை குறைந்த பிராண்டிலேயே உண்டு. உங்களுக்குப் பிடித்த, தோலுக்கு ஒத்துக்கொண்ட, அண்டர்டோன் சரியாக இருக்கும் பவுண்டேஷனின் மிக வெளிர் ஷேட்டை வாங்கி, அதோடு இதைக் கலந்துகொள்ளலாம். புறங்கையில் கலக்காதீர்கள், அளவு பிடிபடாது. ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் பவுண்டேஷன் நாலு சொட்டு, வெள்ளை ஒரு சொட்டு என்று தொடங்கி, பொருந்தும் வரை சொட்டுச் சொட்டாகக் கூட்டுங்கள். பொருந்திய கணக்கை எழுதி வைத்து மேக்கப் போடுபவரிடம் கொடுங்கள். கலவை வெளிறிய பிறகும் ஆரஞ்சு அடித்தால், நீல மிக்ஸரில் ஊசிமுனை அளவு போதும். அதற்கு மேல் போனால் முகம் சாம்பலாகிவிடும்.

வெள்ளை சேர்க்கச் சேர்க்க பவுண்டேஷன் கெட்டியாகும், அதனால் கொஞ்சமாக எடுத்து ஈர ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். முகூர்த்தத்துக்கு முன் ஒருநாள் முழு மேக்கப்பும் போட்டு, காலையிலிருந்து மதியம் வரை வைத்திருந்து பாருங்கள். புருவத்துக்குக் கறுப்புப் பென்சில் வேண்டாம், வெளிர் சாம்பல்-பழுப்பு நிறம் கேளுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): நான் ரொம்ப வெளுப்பு. கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்தது போல் இருக்கும். ஆரஞ்சு கரெக்டர் போட்டு மேலே கன்சீலர் போடச் சொன்னார்கள். போட்டால் காயம் பட்ட மாதிரி இருக்கிறது. வெள்ளையாக ஒரு கன்சீலர் வாங்கிப் போட்டேன், சாம்பல் அடிக்கிறது.

பதில்: ஆரஞ்சு கரெக்டர் மாநிறத்துக்கும் கருமைக்கும் உகந்தது. நம் ஊரில் எல்லாரும் அதையே சொல்லிக்கொடுப்பதால் உங்களுக்கும் அதையே சொல்லியிருக்கிறார்கள். வெளிர் தோலில் கண்ணுக்கு அடியிலுள்ள ரத்தநாளத்தின் நீலம் மெல்லிய தோல் வழியே தெரிகிறது. அதை மறைக்க மிக வெளிர் பீச் அல்லது இளஞ்சிவப்பு போதும். நீலத்தைத் தணிக்காமல் மேலே வெள்ளையைப் போட்டால் இரண்டும் கலந்து சாம்பலாகும், உங்களுக்கு நடந்தது அதுதான்.

கன்சீலரை பவுண்டேஷனை விட இரண்டு ஷேட் லைட்டாக வாங்க வேண்டும் என்ற பேச்சு உங்களுக்குப் பொருந்தாது. அவ்வளவு லைட்டாகப் போக இடமே இல்லை. பவுண்டேஷன் நிறத்திலேயே வாங்குங்கள். நார்ஸ் கன்சீலரில் சாண்டிலி மிக வெளிர். குறைந்த விலையில் மேபெலின் ஃபிட் மீ வரிசையைப் பாருங்கள், எண் குறையக் குறைய வெளிர். பருத் தழும்புக்கும் கண்ணடிக்கும் ஒரே கன்சீலர் சரிவராது. தழும்புக்குக் கொஞ்சம் கெட்டியானது வேண்டும். வெண்புள்ளி உள்ளவர்களும் அடிக்கடி இதையே கேட்கிறார்கள். அவர்களுக்கு கிரையோலனின் டெர்மாகலர் போன்ற கேமோஃப்ளாஜ் கிரீம்கள் உண்டு. மேலே அதற்குரிய பவுடர் போட்டு அழுத்தினால் வியர்வைக்கும் ஓரளவு தாங்கும்.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): ஆன்லைனில் மிக வெளிர் ஷேட் என்று ஆர்டர் செய்தேன். பெட்டியில் ஒரு எண், உள்ளே பாட்டிலில் வேறு எண். திறந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். பணம் போனது போனதுதானா?

பதில்: இல்லை. “எனக்கு இந்த நிறம் பொருந்தவில்லை” என்பதும் “நான் கேட்ட பொருளே வரவில்லை” என்பதும் வேறு வேறு. முதலாவதில் கடைக்காரரின் ரிட்டர்ன் விதிதான் பேசும். அழகு சாதனப் பொருளை சுகாதாரக் காரணம் சொல்லித் திரும்ப எடுக்க மறுப்பார்கள், அதில் அதிகம் வாதாட முடியாது. உங்களுடையது இரண்டாவது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ குறைபாட்டோடோ போலியாகவோ வந்த பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பவர் மறுக்க முடியாது.

பெட்டி எண், பாட்டில் எண், பேட்ச் எண் மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, ஆர்டர் விவரத்தோடு எழுத்து மூலமாகப் புகார் அனுப்புங்கள். போனில் பேசியதை மட்டும் நம்பாதீர்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

இன்னொன்று. நம் ஊரில் கிடைக்காத ஷேட்டைத் தேடும்போது, சமூக ஊடகத்தில் “ஒரிஜினல் இம்போர்ட்” என்று பாதி விலைக்கு விற்பவர்களிடம் போய் நிற்போம். முறையாக இறக்குமதியான அழகு சாதனத்தில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண், அதிகபட்ச சில்லறை விலை இவை அச்சாகியோ ஸ்டிக்கராகவோ இருக்கும். அவை இல்லாததை முகத்தில் போடாதீர்கள். பிறகு தோல் வெந்துபோனால் யாரைக் கேட்பீர்கள்?

கேள்வி (மதுரை வாசகி): என் மகளுக்கு அல்பினிசம், கல்லூரி போகிறாள். பவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் 15 என்று போட்டிருக்கிறது. தனியாக சன்ஸ்கிரீன் வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) கணக்கிடும்போது ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் தடவிப் பார்க்கிறார்கள். பவுண்டேஷனை யாரும் அவ்வளவு கனமாகப் பூசுவதில்லை, அதனால் பெட்டியில் உள்ள 15 முகத்தில் கிடைக்காது. மெலனின் (தோலுக்கு நிறம் தரும் பொருள்) இல்லாத தோலுக்கு வெயில் வெறும் கறுத்துப்போகும் விஷயம் அல்ல. புண், நாளடைவில் தோல் புற்றுநோய் வரை போகும். எஸ்பிஎஃப் 50 வாங்குங்கள். ஜிங்க் ஆக்சைடு உள்ளவை முகத்தில் வெள்ளை பூத்துவிடுகிறது என்று மற்றவர்கள் ஒதுக்குவார்கள். உங்கள் மகளுக்கு அந்த வெள்ளை இடைஞ்சலே இல்லை, தைரியமாக வாங்கலாம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிழியும் அளவு. அது படிந்த பிறகு பவுண்டேஷன். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். குடையும் முழுக்கை உடையும் கூடவே. தோல் மருத்துவரிடம் வருஷத்துக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி (சென்னை வாசகி): என் மருமகள் அயர்லாந்துப் பெண். வரவேற்பில் மேக்கப் போட்ட பிறகு நேரில் நன்றாக இருந்தாள், ஃப்ளாஷ் போட்டோவில் முகம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. அடுத்து சீமந்தம் வருகிறது. ஷேட் தப்பா?

பதில்: ஷேட் தப்பாக இருக்காது. சிலிகா கலந்த பவுடரோ, ஜிங்க், டைட்டானியம் அதிகமுள்ள சன்ஸ்கிரீனோ ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். வெளிர் முகத்தில் அது இரட்டிப்பாகத் தெரியும். சீமந்தம் வீட்டுக்குள் என்றால் அன்றைக்கு அந்த சன்ஸ்கிரீனை விட்டுவிடலாம், பவுடரை நெற்றி, மூக்கோரம் மட்டும் லேசாகப் போடச் சொல்லுங்கள். மருமகள் ஊரிலிருந்து கொண்டுவந்த பவுண்டேஷனையே பயன்படுத்தச் சொல்வது நல்லது, நம் ஊர் மேக்கப் பெட்டியில் அவர் ஷேட் இருக்க வாய்ப்பு குறைவு. மேக்கப் முடிந்ததும், புடவை மாற்றும் முன், விளக்கை அணைத்துவிட்டு போன் ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் ஈர ஸ்பாஞ்சால் பவுடரை ஒற்றி எடுக்க அப்போது நேரம் இருக்கும்.