பூண்டு ஊறுகாய்: எந்த ஆபத்தை முதலில் பார்ப்பது?

வணக்கம் சகோதரி. பூண்டு ஊறுகாய்க்கு இருபது ஆபத்துகளைப் பட்டியலிட்டு, எல்லாவற்றுக்கும் ‘அதிகம்’ என்று போட்டுவிட்டுக் குழம்பி நிற்பதாக எழுதியிருந்தீர்கள். பட்டியலை மூடிவையுங்கள். ஒரே ஒரு பூண்டுப் பல்லைப் பாருங்கள். மண்ணில் விளைந்தது, கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற, நஞ்சு உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். கொதிக்கவைத்தாலும் அவை சாவதில்லை. எண்ணெயில் மூழ்கியதும் காற்றில்லாத சூழல் அமைகிறது. அந்தக் கிருமிக்கு அதுதான் தேவை. முகர்ந்து கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். அந்த நஞ்சு ஏறுவது அரிது, ஏறினால் உயிரே போகலாம். வாய்ப்பையும் விளைவையும் தனித்தனியே எடைபோடச் சொல்வது இதற்காகத்தான்.

தடுப்பது புளிப்பு. புளிப்பை அளக்கும் எண் பிஎச்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிஎச் 4.6க்குக் கீழே அந்தக் கிருமி வளராது. ஆகவே எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்க்கும் கட்டமே உங்கள் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி, அதாவது ஆபத்தைத் தடுக்கும் கட்டம். நானாக இருந்தால் 4.2 என்று இலக்கு வைப்பேன். மேலே நிற்கும் சாற்றை அளந்து ஏமாறாதீர்கள். பல்லின் நடுவரை புளிப்பு இறங்க நாளாகும். எண்ணெயை வடித்து, பல்லை அரைத்து, பிஎச் மீட்டரை பிஎச் 4, 7 உள்ள கரைசல்களில் சரிபார்த்துவிட்டு அளந்து பாருங்கள். பிஎச் கூடினால், அந்த முறை போட்ட ஊறுகாய்த் தொகுதி வெளியே போகக் கூடாது.

கண்ணாடிச் சில்லு, மிளகாய்த்தூளில் சாயக் கலப்படம் இரண்டையும் அடுத்துப் பாருங்கள். முதல் மூன்று தொகுதிகளின் அளவுகளை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.