எந்நேரமும் போன், மெசேஜ், அப் என்று மூச்சு முட்டுகிறது. நித்திரையும் கெட்டுவிட்டது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நானும் இதே நிலையில் இருந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீடு கொழும்பில், வெள்ளவத்தையில். கணக்காளர் வேலை கொள்ளுப்பிட்டியில். அலுவலக வட்ஸ்அப் குழு, மகனின் வகுப்புக் குழு, ரியூஷன் குழு, எங்கள் தொடர்மாடிக் குழு, யாழ்ப்பாணத்தில் அம்மா, லண்டனில் சித்தப்பா, டொரொன்டோவில் அக்கா, எல்லாரும் என் ஒரு போனுக்குள். வெளிநாட்டில் சொந்தங்கள் உள்ள வீடுகளுக்கு இன்னொரு பாடும் உண்டு. கோடையில் இங்கே நள்ளிரவு 12 என்றால் லண்டனில் இரவு 7.30, டொரொன்டோவில் பிற்பகல் 2.30. லண்டன் ஓயும்போது டொரொன்டோ தொடங்கும். குடும்பக் குழு விடியும்வரை மணியடிக்கும். பார்த்துவிட்டுப் பதில் போடாமல் படுத்தால் மனம் உறுத்தும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். போனில் சார்ஜ் இராது, சில நேரம் சிக்னலும் இராது. அதை நல்ல காலம் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றதை எப்படி மறப்பது? ஆனால் மெழுகுதிரி வெளிச்சத்தில் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு மணித்தியாலம் என் மனம் வேறெங்கும் ஓடவில்லை. கவலைகள் அப்போது கூடித்தான் இருந்தன. இருந்தும் ஒன்றைச் செய்யும்போது இன்னொன்று குறுக்கே வரவில்லை.

என்னைக் களைக்க வைத்தது எது என்று அப்போதுதான் விளங்கியது. அம்மாவின் பிரஷர் மாத்திரை முடிந்த செய்தி, மனேஜரின் கேள்வி, யாரோ அனுப்பிய காலை வணக்க ரோசாப்பூ, மூன்றும் ஒரே சத்தத்தோடு ஒரே வாசலால் வருகின்றன. உடம்பும் மூன்றுக்கும் ஒரே மாதிரித் திடுக்கிடுகிறது.

போனையே விட்டுவிடு என்று சொல்பவர்கள் உண்டு. பெற்றோலுக்கு கியூஆர், வங்கிக்கு ஓடிபி என்று வாழ்ந்த ஊரில் அது நடக்காது. நான் குழுக்கள் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் ஆக்கினேன். அழைப்பு மட்டும்தான் ஒலிக்கும். இரவில் அதுவும் இல்லை, ஒரே ஆள் உடனே இரண்டாம் தரம் எடுத்தால் மட்டும் ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன். அவசரமென்றால் இரண்டு தரம் எடுக்கச் சொல்லி அம்மாவுக்குச் சொல்லியாயிற்று. புறக்கோட்டையில் ஒரு அலாரம் மணிக்கூடு வாங்கினேன், போன் இப்போது ஹோலில்தான் படுக்கிறது.

கஷ்டமாக இருந்தது அக்காவிடம் சொல்வதுதான். "அக்கா, உங்களை மறக்கேல்லை. ராவில பதில் போட ஏலாமல் கிடக்கு. ஞாயிறு எட்டரைக்கு நானே எடுக்கிறன்" என்றேன். அவவுக்கு முதலில் மனவருத்தம்தான், இரண்டு கிழமை சரியாகக் கதைக்கவில்லை. இப்போது ஞாயிறு இரவு எட்டரைக்கு, கோடையென்றால் அங்கே காலை 11 மணி, அவ சமைத்துக்கொண்டே கதைப்பா. முன்பு நாள் முழுக்க அனுப்பிய துண்டு மெசேஜ்களில் இவ்வளவு விஷயம் இருந்ததில்லை. அவவின் முழங்கால் வலி பற்றியே எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது.

அலுவலகத்தில், இரவு ஏழுக்குப் பிறகு அவசரமென்றால் அழையுங்கள் என்று மனேஜரிடம் சொன்னேன். ஒரு வருடத்தில் வந்த அழைப்பு இரண்டுதான்.

அப்புறம் மரைன் டிரைவ் என்ற கடலோர வீதி. வேலை முடிந்து வந்ததும் போன் இல்லாமல் பம்பலப்பிட்டிப் பக்கம் அரை மணித்தியாலம் நடப்பேன். ஒரு பக்கம் கடல், இடையில் ரயில் பாதை. முதல் கிழமை கை சும்மா சும்மா பையைத் தேடியது, பிறகு விட்டுவிட்டது.

நித்திரை கெட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. வாரக்கணக்காக அப்படி என்றால், படபடப்பும் இருந்தால், போனில் எதை மாற்றினாலும் போதாது. வைத்தியரிடம் கதையுங்கள். 1926 இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

இன்று இரவே ஒன்றைச் செய்யலாம் என்றால் பிள்ளையின் வகுப்புக் குழுவிலிருந்து தொடங்குங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு, பின்னேரம் ஆறு மணிக்கு ஒருதரம் திறந்து வீட்டுவேலை என்ன என்று மட்டும் பாருங்கள்.