தேனீயா, பேரீச்சையா

அன்புள்ள ஐயா,

தக்கலையில் பீர் முகமது அப்பாவின் சூஃபிப் பாடல்களான ஞானப்புகழ்ச்சியை ஓதும் இரவுக்கு நண்பருடன் சென்றிருந்தேன். ஜிஹாது என்பது போரே அல்ல, மன ஆசைகளோடு நடத்தும் போராட்டம் மட்டுமே என்று அவர் விளக்கினார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், இஸ்லாமியச் சட்டநூல்களில் ஜிஹாதுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. அது முழுக்கப் போரைப் பற்றியது. சங்கடமாகிவிட்டது. எது உண்மை? குர்ஆனை எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பில் வாசிக்கலாம்?

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு மாதமாக நானும் அந்த அத்தியாயங்களில் ஒன்றைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே உடனே எழுதுகிறேன்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. ஜிஹாது என்ற சொல்லுக்குப் பாடுபடுதல் என்றுதான் பொருள். போருக்கு அனுமதி வருவதற்கு முன்பே, மக்காவில் இறங்கிய 25ஆவது அத்தியாயம், இந்தக் குர்ஆனைக் கொண்டே பெரும் ஜிஹாது செய்யும்படி நபியிடம் சொல்கிறது. ஆனால் 'சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பினோம்', அதாவது போரிலிருந்து மனப் போராட்டத்துக்குத் திரும்பினோம் என்று மேடைதோறும் சொல்லப்படும் நபிமொழியின் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று பைஹகீ போன்ற பழைய அறிஞர்களே சொல்லிவிட்டார்கள். சூஃபிகள் அதிலிருந்து எடுத்த பொருள் அழகானது. அதை நான் மறுக்கவில்லை. சட்டநூலில் ஜிஹாது என்றால் போர்தான். பேரரசுகள் விரிந்துகொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டம் படையெடுப்பையும் அனுமதித்தது. அதை மூடி மறைப்பதில் யாருக்கும் நன்மையில்லை.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் 'சங்கடம்' என்ற சொல்லைப் பார்த்துத்தான். அத்தியாயத்தின் தலைப்பைப் பார்த்ததுமே புத்தகத்தை மூடிவிட்டீர்கள், இல்லையா? நான்கு பக்கம் புரட்டியிருந்தால் அங்கே என்ன வழக்கு நடக்கிறது என்று தெரிந்திருக்கும்.

ஸ்பெயினின் குர்துபா நகரில் காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்து 1198இல் மறைந்த இப்னு ருஷ்து, பிதாயத்துல் முஜ்தஹித் என்ற சட்டநூலில் ஒரு கேள்வியைப் பிரித்து வைக்கிறார். எதிரியைக் கொல்ல அனுமதி எதனால் வருகிறது, அவன் நம்பிக்கை கொள்ளாததாலா, அவன் போரிட வல்லவன் என்பதாலா? முதலாவதுதான் காரணம் என்றால் உழவன், கிழவன், துறவி எவருக்கும் விலக்கில்லை; ஷாஃபி சட்டப்பள்ளியைத் தொடங்கிய ஷாஃபி இமாமின் வலுவான கருத்து இந்தப் பக்கம் இருப்பதாகவே அவர் பதிவுசெய்கிறார். எதிர்ப்பக்கத்தின் வாதம் ஒரு பிணத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு போரில் கொல்லப்பட்டுக் கிடந்த பெண்ணைக் கண்ட நபி, இவள் போரிடுபவளாக இருக்கவில்லையே என்று சொல்லி, முன்னணியில் இருந்த காலித் இப்னு வலீதுக்கு ஆளனுப்பி, பெண்ணையும் கூலியாளையும் கொல்லக் கூடாது என்று கட்டளையிட்டார். அந்தப் பெண்ணும் நம்பிக்கை கொள்ளாதவள்தானே? அப்படியிருந்தும் அவளைக் கொன்றது தவறென்றால், நம்பிக்கையின்மை கொலைக்குக் காரணமாக இருக்கவே முடியாது. ஹனஃபி, மாலிகி சட்டப்பள்ளிகளின் அறிஞர்களில் பெரும்பாலோர் சென்ற வழி இது. அதிலும் அந்தக் கூலியாளைப் பாருங்கள்: எதிரியின் படையோடு சோற்றுக்காக நடந்து வந்தவன், அவனுக்கும் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. சந்தையில் குண்டு வைப்பவன் முதலில் கிழித்தெறிவது இந்தப் பக்கத்தைத்தான். ஜிஹாது என்றால் மன அடக்கம் மட்டுமே என்று சொல்லும் உங்கள் நண்பரும், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், அதே பக்கத்தை ஒட்டி மூடிவிடுகிறார்.

போரை அறிவிப்பது ஆட்சியாளரின் பொறுப்பு, நாட்டுக்குள் எதிரி புகுந்துவிட்டால் அது ஒவ்வொருவர் மீதும் கடமையாகும் என்பதெல்லாம் எந்தத் தொடக்க நூலிலும் கிடைக்கும். மொழிபெயர்ப்புக் கேள்விக்குப் பதில்: எதையாவது எடுத்து முழுதாக வாசியுங்கள்.

இதையெல்லாம் எனக்கு முதலில் சொல்லித் தந்தவர் ஓதுபள்ளியில் எங்களுக்கு உஸ்தாதாக இருந்தவர். ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் ஐந்து தேன்பெட்டிகள் வைத்திருந்தார். மாசியில் ரப்பர் தளிர்விட்டு இலைக்காம்புகளில் தேன் ஊறும்போது, பாடம் நடத்தும் நேரத்திலும் அவர் காது அந்தப் பக்கமே இருக்கும். ஒருநாள் நாங்கள் பத்ருப் போர் விளையாடி, எதிரியின் கோட்டை என்று கொல்லாமரத்துக் கொம்புத்தேனை நிச்சயித்து, காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி நீட்டினோம். உஸ்தாது ஓடிவந்து ஓலையைப் பிடுங்கி மிதித்தார். அடிக்கவில்லை. எங்களை வரிசையாக உட்காரவைத்து, ஷாமுக்கு, அதாவது சிரியா பகுதிக்குப் படை அனுப்பியபோது கலீஃபா அபூபக்கர் தளபதிக்கு இட்ட பத்துக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்யவைத்தார். குழந்தையைக் கொல்லாதே, முதியவரைக் கொல்லாதே, காய்க்கும் மரத்தை வெட்டாதே, உண்பதற்கன்றி ஆட்டை அறுக்காதே, தேனீக்களை எரிக்காதே.

வெகுகாலம் கழித்து, இமாம் மாலிக் தொகுத்த முவத்தா என்ற நபிமொழி நூலில் அந்த இடத்தில் பாடபேதம் இருப்பதை அறிந்தேன். நஹ்ல் என்றால் தேனீ. அரபியில் அந்தச் சொல்லின் நடு எழுத்துக்கு மேல் ஒரு புள்ளி வைத்து நக்ல் என்று வாசித்தால் பேரீச்சை. பெரிய கண்டுபிடிப்போடு உஸ்தாதைப் பார்க்கப் போனேன். தேன்பெட்டியின் மூடியைத் திறந்து மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை முகத்தைத் திருப்பவில்லை. பிறகு, சட்டத்தில் ஒட்டியிருந்த ஈயை விரலால் மெல்லத் தள்ளிவிட்டபடி கேட்டார்: "பேரீச்சை நம்ம ஊர்ல எங்கலே நிக்கு?"