மைக்ரோவேவ்ல பிளாஸ்டிக் டப்பாவோட சூடு பண்ணி சாப்பிட்டுட்டேன், இப்ப கர்ப்பமா இருக்கேன், பயமா இருக்கு – மருத்துவர் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயசு 33. பல வருஷமா ஆபீஸுக்கு பிளாஸ்டிக் டப்பாவுலதான் சாப்பாடு கொண்டு போறேன், அங்க மைக்ரோவேவ்ல டப்பாவோட அப்படியே வச்சு சூடு பண்ணி சாப்பிடுவேன். டப்பாவுல மைக்ரோவேவ் சேஃப்னு போட்டிருக்கு. இப்ப நாலு மாசம். ரெண்டு வயசுல ஒரு பையன் இருக்கான், அவனுக்கும் பாலை பிளாஸ்டிக் பாட்டில்லயே சூடு பண்ணிக் குடுத்திருக்கேன். இப்படி பண்ணினா டயாக்சின்னு ஒரு விஷப் பொருள் வந்து கேன்சர் வரும்னு ஒரு மெசேஜ் பாத்ததுல இருந்து மனசே சரியில்ல. ரத்த டெஸ்ட் ஏதாவது எடுக்கணுமா? வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஏதாவது ஆயிருக்குமா?

பதில்: இது வரைக்கும் சாப்பிட்டதை நெனச்சு பயப்பட வேண்டியதில்லம்மா. ஆனா இன்னையில இருந்து பிளாஸ்டிக்ல வச்சு சூடு பண்றதை நிறுத்திடுங்க, சேஃப்னு போட்டிருந்தாலும் சரி. இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண்னு தோணலாம், ஏன் அப்படி இல்லன்னு சொல்றேன்.

அந்த டயாக்சின் மெசேஜை முதல்ல ஒதுக்கி வச்சிடலாம். அது ரொம்ப வருஷமா சுத்துற பழைய மெசேஜ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே சொல்லுதுன்னு அவங்க பேரைப் போட்டு பரப்பினாங்க, அவங்க 2004லயே நாங்க அப்படி சொல்லவே இல்லன்னு மறுத்துட்டாங்க. டயாக்சின் உருவாகணும்னா குளோரின் இருக்கிற பொருள் சில நூறு டிகிரியில எரியணும், குப்பையைக் கொளுத்துற மாதிரி. தண்ணி இருக்கிற சாப்பாடு மைக்ரோவேவ்ல பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டித்தான் நிக்கும், நீங்க வச்சிருக்கிற மாதிரி சாப்பாட்டு டப்பாக்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக்ல செய்றது, அதோட கட்டமைப்புல குளோரினே கிடையாது. அதே மாதிரி மைக்ரோவேவ் கதிர் சாப்பாட்டுல தங்கிடும்னு ஒரு பயமும் நிறைய பேருக்கு இருக்கு, அதுவும் இல்ல. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை, எக்ஸ்ரே மாதிரி டிஎன்ஏவை உடைக்கிற சக்தி அதுக்குக் கிடையாது, சாப்பாட்டுல இருக்கிற தண்ணியை அசைச்சு சூடாக்கும், மெஷினை நிறுத்தினதும் அதுவும் நின்னுடும்.

அப்ப பிரச்சனை எங்கதான் இருக்குன்னா, சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ற இடத்துல. பிளாஸ்டிக்ல நீளமான பாலிமர் சங்கிலி மட்டும் இருக்காது, செய்யும்போது முழுசா சேராம மிஞ்சின சின்ன மூலக்கூறுகள், நெகிழ்ச்சிக்கு, நிறத்துக்கு, சீக்கிரம் கெடாம இருக்கன்னு சேர்த்த ரசாயனங்கள் எல்லாம் உள்ள இருக்கும், இதுல பலது சங்கிலியோட கெட்டியா ஒட்டிக்காம சும்மா இடையில உக்காந்திருக்கும். சூடு பட்டா அதெல்லாம் வெளிய நகர ஆரம்பிக்கும். குளிர்ந்த சாப்பாட்டுக்கும் கொஞ்சம் போகத்தான் செய்யும், ஆனா சூடு ஏற ஏற, நேரம் ஆக ஆக அதிகமாகும், எண்ணெயோ நெய்யோ புளிப்போ இருந்தா இன்னும் அதிகம், ஏன்னா இதுல பல ரசாயனங்கள் கொழுப்புல சுலபமா கரையுறவை. அது போக எண்ணெயும் கெட்டியான சர்க்கரையும் 100 டிகிரியைத் தாண்டியும் சூடாகும். எண்ணெய் மிதக்கிற கிரேவியை டப்பாவோட சூடு பண்ணி எடுத்தா, எவ்வளவு தேச்சாலும் போகாத ஒரு கறை வளையம் உள்பக்கம் விழுந்திருக்கும், சில சமயம் அந்த இடம் மட்டும் சொரசொரன்னு வெந்த மாதிரி இருக்கும், நீங்களும் பாத்திருப்பீங்க. எண்ணெயோட நிறம் பிளாஸ்டிக்குக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம், மேல்பரப்பு அந்த சூட்டுல கெட்டுப் போச்சுன்னும் அர்த்தம். அப்படி ஆன டப்பாவை இனி சூடான எதுக்குமே வச்சுக்காதீங்க.

இந்த ரசாயனங்கள்ல ரெண்டைத்தான் டாக்டருங்க அதிகமா கவனிக்கிறோம். ஒண்ணு பிபிஏ, பிஸ்ஃபினால் ஏ. கண்ணாடி மாதிரி தெளிவா, கெட்டியா இருக்கிற பாலிகார்பனேட்ங்கிற பிளாஸ்டிக்ல இருக்கும், டின் டப்பாவோட உள்பூச்சுலயும் இருந்துச்சு. இது உடம்புல ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் மாதிரி நடந்துக்கும்னு 1930கள்லயே தெரியும். குழந்தைங்க பால் பாட்டில்ல இதை ஐரோப்பா 2011லயும் அமெரிக்கா 2012லயும் நிறுத்தினாங்க. 2023ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒரு ஆள் தினமும் எவ்வளவு பிபிஏ வரைக்கும் தாங்கலாம்ங்கிற அளவை முன்ன சொன்னதைவிட 20,000 மடங்கு குறைச்சாங்க. ஜெர்மனியோட அரசு நிறுவனம் அதை ஒத்துக்கல, இவ்வளவு குறைக்க ஆதாரம் பத்தாதுன்னு சொல்லி அதைவிட ஆயிரம் மடங்கு கூடுதலான அளவை வச்சாங்க. நிபுணர்களே இப்படி ஆளுக்கொரு பக்கமா நிக்கிறாங்க. ஆனா 2024 டிசம்பர்ல ஐரோப்பிய யூனியன், சாப்பாடு படுற பொருட்கள்ல பிபிஏவைத் தடை பண்ண முடிவெடுத்துட்டாங்க, சில விஷயங்களுக்கு மட்டும் கால அவகாசம் குடுத்து. பிபிஏ ஃப்ரீன்னு போட்ட டப்பாவை நம்பி சூடு பண்ணலாமான்னு என்கிட்ட நிறைய பேர் கேக்குறாங்க, பிபிஏக்கு பதிலா சில பொருட்கள்ல பிபிஎஸ்னு ஒரு தம்பியைப் போட்டாங்க, அதுவும் ஹார்மோன் விஷயத்துல கிட்டத்தட்ட அதே வேலையைப் பண்ணும்னு ஆய்வகத்துல பாத்திருக்காங்க. அதனால அந்த ஸ்டிக்கரை வச்சு நான் முடிவு பண்ண மாட்டேன்.

ரெண்டாவது தாலேட்ஸ். பிவிசியை வளையுற மாதிரி மென்மையாக்க சேர்க்கிறது. இதுல சில வகை ஆண் ஹார்மோனோட வேலையைக் குறைக்கும், எலிகள்ல கருவுல இருக்கிற ஆண் குட்டியோட வளர்ச்சியை பாதிக்கிறதை தெளிவா காட்டியிருக்காங்க. மனுஷங்கள்ல இருக்கிற ஆய்வுகள் தொடர்பு இருக்குன்னு சொல்லுதே தவிர இதனாலதான் இது வந்துச்சுன்னு நிரூபிக்கல. ஆனா கர்ப்பத்துல குழந்தையோட உறுப்புங்க எல்லாம் ஹார்மோன் சொல்றதைக் கேட்டுத்தான் உருவாகுது, அந்த நேரத்துல சுலபமா தவிர்க்க முடியுற ஒண்ணைத் தவிர்க்கிறதுதான் புத்திசாலித்தனம், நிரூபணம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்ல.

உங்க டப்பாவுல இருக்கிற மைக்ரோவேவ் சேஃப் முத்திரை பொய்ன்னு நான் சொல்லல. டப்பா உருகாது, வளையாது, அதுல இருந்து வெளிய வர்றது அந்தந்த நாட்டு சட்டம் அனுமதிக்கிற அளவைத் தாண்டாதுன்னு அதுக்கு அர்த்தம். ஒண்ணுமே வெளிய வராதுன்னு அர்த்தம் இல்ல, பல வருஷம் கழுவிக் கழுவி கீறல் விழுந்த டப்பா புது டப்பா மாதிரியே இருக்கும்னும் அர்த்தம் இல்ல. டப்பாவோட அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும், பாருங்க. 5ன்னா பாலிப்ரொப்பிலீன், சூடு தாங்குறதுல இருக்கிறதுலயே இதுதான் பரவாயில்ல. 3 பிவிசி, 6 பாலிஸ்டைரீன், ஃபோம் கப்பு ஃபோம் தட்டு எல்லாம் அதுதான், 7 மத்த எல்லாம், பாலிகார்பனேட்டும் அதுலதான் வரும். இந்த மூணையும் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018ல அறிவுரை குடுத்தாங்க, அதே அறிவுரையில எந்த பிளாஸ்டிக்லயும் சாப்பாட்டையோ பாலையோ மைக்ரோவேவ் பண்ண வேண்டாம், பிளாஸ்டிக்கை டிஷ்வாஷர்லயும் போட வேண்டாம்னும் சொல்லியிருக்காங்க.

பாலிப்ரொப்பிலீன் நல்லதுன்னு சொல்லிட்டு ஏன் அதுலயும் வேண்டாம்னு கேப்பீங்க. 2023ல அமெரிக்காவுல நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துல குழந்தைங்க சாப்பாட்டு டப்பாவையும் பவுச்சையும் எடுத்து தண்ணியும் லேசான அமிலமும் ஊத்தி மைக்ரோவேவ்ல வச்சுப் பாத்தாங்க, மூணே நிமிஷத்துல சில டப்பாக்கள்ல ஒரு சதுர சென்டிமீட்டர்ல இருந்து 42 லட்சம் வரைக்கும் மைக்ரோபிளாஸ்டிக், அதாவது ரொம்பச் சின்ன பிளாஸ்டிக் துகள், 211 கோடி வரைக்கும் அதைவிட சின்ன நானோபிளாஸ்டிக் வந்துச்சு. நம்பரைப் பாத்து மலைச்சுடாதீங்க, நானோ அளவுல கோடிக்கணக்குன்னாலும் எடை ரொம்ப ரொம்பக் கம்மி, இது உடம்புக்குள்ள போய் என்ன பண்ணும்ங்கிறதுக்கு இன்னும் பதில் வரல. ஆனா சூடுதான் இதைக் கிளப்பி விடுதுங்கிறது தெளிவு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். ரத்த டெஸ்ட் எதுவும் வேண்டாம். பிபிஏ உடம்புக்குள்ள போனா கல்லீரல் அதை மாத்தி, பெரும்பகுதி ஒரு நாளைக்குள்ள சிறுநீர்ல போயிடும், தாலேட்ஸும் அப்படித்தான் சீக்கிரமா வெளியேறும். வருஷக்கணக்கா சேர்ந்து தேங்கி நிக்கிற சமாச்சாரம் இல்ல இது ரெண்டும். சிறுநீர்ல அளக்க முடியும், ஆராய்ச்சிக்கு அளக்குறாங்க, ஆனா அந்த நம்பரை வச்சு ஒரு டாக்டரால உங்களுக்கு எந்த வைத்தியமும் சொல்ல முடியாது. டீடாக்ஸ் பவுடர், டீடாக்ஸ் ஜூஸ்னு யாராவது குடுத்தா தயவுசெஞ்சு கர்ப்பத்துல தொடாதீங்க, அதுல என்ன இருக்குன்னு தெரியாம குடிக்கிறதுதான் எனக்கு பெரிய கவலை. இன்னைக்கு நிறுத்தினா கொஞ்ச நாள்லயே இந்த வழியா வர்றது குறைஞ்சிடும், அதனாலதான் பயப்படாம நிறுத்துங்கன்னு சொன்னேன். குழந்தைக்கு இதனால குறை வந்திருக்கும்னு நெனைக்க எந்தக் காரணமும் இல்ல, உங்க டாக்டர் சொல்ற ஸ்கேன், மாத்திரை எல்லாம் வழக்கம் போல போகட்டும், இதுக்காக தனியா எதையும் கூட்ட வேண்டாம்.

ஆபீஸ்ல ஒரு பீங்கான் தட்டோ கண்ணாடி பவுலோ வாங்கி டிராயர்ல வச்சிடுங்க, இதைவிட சுலபமான வழி இல்ல. சாப்பாட்டை ஸ்டீல் டப்பாவுலயே கொண்டு போங்க, தட்டுல மாத்தி சூடு பண்ணுங்க, ஸ்டீலை மட்டும் மைக்ரோவேவ் உள்ள வச்சிடக் கூடாது, தங்கக் கோடு வெள்ளிக் கோடு போட்ட பீங்கானும் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவுல கொண்டு போனாலும் பரவாயில்ல, ஆறின சாப்பாட்டை அதுல போடுங்க, கொதிக்கக் கொதிக்க போட்டு மூடினா மைக்ரோவேவ் இல்லாமலே அதே வேலைதான் நடக்கும், இதை யாரும் யோசிக்கிறதில்ல. கண்ணாடி டப்பாவுக்கு பிளாஸ்டிக் மூடி வந்திருந்தா சூடு பண்ணும்போது மூடியை எடுத்துட்டு ஒரு பீங்கான் தட்டைக் கவுத்து மூடுங்க, மூடியில ஆவி பட்டு சொட்டு சொட்டா சாப்பாட்டுல விழும் இல்லையா. கடையில சாப்பாடு கட்டிக் குடுக்கிற டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, வெண்ணெய் டப்பா இதெல்லாம் குளிர்ந்த பொருளுக்கும் ஒரு தடவை உபயோகத்துக்கும்னு செஞ்சது, அதுல வேண்டவே வேண்டாம். மெலமைன் தட்டு பாக்க பீங்கான் மாதிரியே இருக்கும், தூக்கிப் பாத்தா லேசா இருக்கும், அதுவும் வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் ரொம்ப அழுத்தி சொல்றேன். இந்த பயத்துல சாப்பாட்டை சூடே பண்ணாம ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே சாப்பிட ஆரம்பிச்சுடாதீங்க. கர்ப்பத்துல லிஸ்டீரியான்னு ஒரு கிருமி இருக்கு, ஃப்ரிட்ஜ் குளிர்லயும் வளரும், கர்ப்பிணிகளை சுலபமா பிடிக்கும், கருச்சிதைவு வரைக்கும் கொண்டு போகும். பிளாஸ்டிக்ல இருந்து வர்ற ஆபத்து இருக்கலாம்ங்கிற அளவுல நிக்குது, இது நிச்சயமான ஆபத்து. மீந்த சாப்பாடுன்னா உள்ள வரைக்கும் 74 டிகிரி வரணும், அதாவது நடுவுலயும் ஆவி பறக்கணும். மைக்ரோவேவ் சீரா சூடு பண்ணாது, ஓரம் கொதிக்கும் நடு ஜில்லுன்னு இருக்கும், அதனால பாதியில நிறுத்தி நல்லா கிளறி திரும்ப வைங்க, எடுத்த பிறகு ரெண்டு நிமிஷம் மூடி வச்சு சாப்பிடுங்க. சமைச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போகாத சாப்பாட்டை சூடு பண்ணியும் பிரயோஜனம் இல்ல, சில கிருமிங்க விட்டுட்டுப் போன விஷம் சூட்டுல அழியாது. காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தா ஃப்ளூன்னு நீங்களா முடிவு பண்ணாம கர்ப்பமா இருக்கேன்னு சொல்லி டாக்டரைப் பாருங்க.

பையனுக்கு ரெண்டு வயசுன்னா இனி பாட்டிலே தேவையில்ல, பாலை அடுப்புல காய்ச்சி ஆற வச்சு கப்புல குடுங்க. வரப்போற குழந்தைக்குத்தான் இது முக்கியம். பாட்டில் பாலை மைக்ரோவேவ்ல வச்சா பிளாஸ்டிக்கைவிட உடனடி ஆபத்து சூடு சீரா இல்லாதது, வெளிய பாட்டில் வெதுவெதுன்னு இருக்கும், உள்ள ஒரு இடத்துல கொதிக்கும், வாய் வெந்துடும். தாய்ப்பாலை எடுத்து வச்சிருந்தாலும் வெந்நீர் கிண்ணத்துல பாட்டிலை நிக்க வச்சு வெதுவெதுன்னு ஆக்கி, லேசா சுழட்டி, மணிக்கட்டுல ரெண்டு சொட்டு விட்டுப் பாத்துட்டு குடுங்க. பவுடர் பால் குடுக்க வேண்டி வந்தா, கிருமி சாகணும்னு குறைஞ்சது 70 டிகிரி தண்ணியிலதான் கரைக்கச் சொல்றாங்க, அதை பிளாஸ்டிக் பாட்டில்ல ஊத்திக் குலுக்காம கண்ணாடி பாத்திரத்துலயோ ஸ்டீல்லயோ கரைச்சு, குடிக்கிற சூட்டுக்கு ஆறினதும் பாட்டிலுக்கு மாத்துங்க, கண்ணாடி பாட்டில் வாங்க முடிஞ்சா இந்த சிரமமும் இல்ல. ஆனா கண்ணாடின்னா ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே கொதிக்கிற தண்ணி ஊத்தாதீங்க, வெடிச்சிடும், கொஞ்ச நேரம் வெளிய வச்சிட்டு பிறகு ஊத்துங்க.