ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு எதற்குத் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி?

"தினமும் சாவைப் பார்க்கிறவர்களுக்கு மனசு மரத்துப் போயிருக்குமே, அவர்களுக்கு எதற்கு இது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மரத்துப் போவதில்லை, மறைக்கப் பழகிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

108 வண்டியில் வருவது இரண்டே பேர்: ஓட்டுகிற பைலட், பின்னால் மருத்துவ உதவியாளர். அடிபட்ட குழந்தையை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடலாம். அந்தக் குழந்தை பிழைத்ததா என்றுகூடப் பல நேரம் தெரியாது.

பயிற்சியின் உயிர்நாடி ஒரே கேள்விதான். கூட வேலை செய்கிறவர் திடீரென்று பேச்சைக் குறைத்தால், குடி கூடினால், "நான் இல்லாட்டி யாருக்கு என்ன" என்றால், சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும்: "தற்கொலை எண்ணம் ஏதாவது வருதாண்ணே?" கேட்டால் நாமே தூண்டிவிட்டது போலாகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை; பலருக்கு அது ஆறுதலாகவே இருக்கிறது. அப்புறம் அறிவுரை வேண்டாம், காது கொடுங்கள். தனியே விடாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். (வகுப்பில் ஜோடியாக நடித்துப் பழகுவது இதற்காகத்தான், முதல் தடவை அந்த வார்த்தை வாயில் வராது.)

கோர விபத்து முடிந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லச் சொல்வதும் உதவி இல்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பே அதை வேண்டாம் என்கிறது. சில வாரம் கவனித்து, தூக்கம் திரும்பாதவரைச் சிகிச்சைக்கு அனுப்புவதே மேல்.

பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 சுகாதார உதவி எண்ணும் உண்டு.